காது சோதிக்கும் அறைக்கு ஒரு ஃபேன்

கம்ப்யூட்டர் இரைச்சல் போடுகிறது, சத்தமில்லாத ஃபேன் ஒன்று வேண்டும் என்று கேட்டு உங்களிடம் ஆட்கள் வருவார்கள். உடனே அலமாரியைத் திறக்காதீர்கள். அந்தச் சத்தம் யாருக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

ராஜபாளையத்தில் நான் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருந்த காலம் முழுக்க இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறேன். குழந்தை தூங்க மாட்டேன் என்கிறது, கடையில் ஃபோன் பேச முடியவில்லை, மாமனாருக்குத் தலைவலி வருகிறது என்று பதில் வரும். ஒருமுறை மட்டும் ஒரு மனிதரின் வேலையும், அவர் வண்டியில் ஏறும் பிள்ளைகளின் பாதுகாப்பும் பதிலாக வந்தன. கடையை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு நான் வீட்டோடு இருக்கிறேன். நீங்கள் இப்போதுதான் இந்தத் தொழிலுக்குள் கால் வைத்திருக்கிறீர்கள். எந்த ஃபேனை எந்தத் திருகில் மாட்டுவது என்பதையெல்லாம் செல்ஃபோனிலேயே பார்த்துக்கொள்வீர்கள். நான் சொல்ல வருவது வேறு.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவமனை. மாடியில் மூன்று அறைகள் கொண்ட சின்ன இடம். கீழே பஞ்சு மெத்தை தைக்கும் கடை. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கும் வேலையில் மகேஸ்வரி என்ற பெண் இருந்தார். அதற்கென்றே படித்துவிட்டு, சொந்த ஊரிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். அந்த மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதால் அவருக்கு என்னை நன்றாகத் தெரியும்.

பள்ளிக்கூடங்கள் திறக்கப்போகிற சமயம். வெயில் குறையவே இல்லை. அவர் ஃபோனில் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, சத்தமே வராத ஃபேன் ஒண்ணு வேணும். இன்னைக்கே வர முடியுமா?"

"யாருக்கும்மா இடைஞ்சலா இருக்கு?"

"எனக்கில்ல அண்ணாச்சி. ஒரு வேன் டிரைவருக்கு."

எனக்குப் புரியவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

சோதனை அறையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பிளைவுட்டில் செய்த கூண்டு. உள்ளே பஞ்சுப்பலகை ஒட்டியிருக்கும், ஒரு பக்கம் சின்னக் கண்ணாடி இருக்கும். சோதிக்கப்படுகிறவர் அதற்குள் உட்கார்ந்து காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொள்வார். கையில் ஒரு பொத்தான் இருக்கும். வெளியே மகேஸ்வரி கம்ப்யூட்டர் முன்னால் இருந்து ஒவ்வொரு ஒலியாக அனுப்புவார். தூரத்து மோட்டார் போல் கனமான ஒலியிலிருந்து, சில்வண்டு போல் கீச்சென்ற ஒலி வரை. காதில் விழுந்தால் உள்ளே இருப்பவர் பொத்தானை அழுத்த வேண்டும். ஒலியைக் குறைத்துக்கொண்டே வந்து, எதுவரை கேட்கிறது என்று பார்ப்பார். சோதனை நடக்கும்போது ஏ.சி.யை அணைத்துவிடுவார்கள். அதன் உறுமல் கூண்டுக்குள் நுழைந்துவிடும்.

மகேஸ்வரி சொன்ன கதை இது. ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுபவர் சாகுல் பாய். ஐம்பதைத் தாண்டியவர். விடுமுறைக்கு முன்னால் ஒருநாள், ஒரு சந்துக்குள் வேனைப் பின்னுக்கு எடுத்திருக்கிறார். பின்னால் ஒரு அம்மா "நிறுத்துங்க, நிறுத்துங்க" என்று கத்தியிருக்கிறார். வேன் நிற்கவில்லை. ஒரு சைக்கிள் சக்கரத்தில் மாட்டி நசுங்கியது. அந்தச் சைக்கிளிலிருந்து ஒரு பிள்ளை அப்போதுதான் இறங்கிப் போயிருந்தது. காது சரியாக இருக்கிறது என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி வந்தால்தான் இனி வேனில் கை வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

முந்தைய நாள் மதியம் சாகுல் பாய் வந்திருக்கிறார். சோதனையில் கனமான ஒலிகள் இரண்டு காதிலும் மோசமாகத்தான் கேட்கின்றன என்று வந்தது.

"அதை எழுதிக் குடுத்தா அவர் பொழப்பு முடிஞ்சது. ஆனா எனக்கு மனசு ஒப்பல அண்ணாச்சி. வெளிய பெஞ்சுல அவர் எனக்கு முதுகைக் காட்டி உக்காந்திருந்தாரு. நான் மெதுவாத்தான் பேரைக் கூப்பிட்டேன். உடனே திரும்பிட்டாரு. அம்புட்டு கேக்காதவர் எப்படித் திரும்புவாரு?"

"பொறவு?"

"அவர் போன பொறவு நானே கூண்டுக்குள்ள உக்காந்தேன். நர்ஸக்காவைச் சத்தம் அனுப்பச் சொன்னேன். எனக்கும் கனமான சத்தம் கேக்கல. இன்னைக்குக் காலையில வந்ததும் திரும்ப உக்காந்தேன். சுத்தமாக் கேக்குது. என் காது மத்தியானம் மட்டும் கெட்டுப்போகுமா?"

நான் கம்ப்யூட்டரை ஓடவிட்டேன். ஏ.சி.யை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். அறை சூடாகச் சூடாக ஃபேனின் வேகம் ஏறியது. முதலில் மூச்சுவிடுவது போல் இருந்தது, செத்த நேரத்தில் அரைக்கிற சத்தமாகிவிட்டது. கம்ப்யூட்டர் இருந்த மேசை கூண்டோடு ஒட்டிக் கிடந்தது. கூண்டின் பலகையில் உள்ளங்கையை வைத்தேன். பலகை அதிர்ந்தது. சோதனைக்காக அனுப்பும் கனமான ஒலி, ஃபேன் உண்டாக்கிய இந்த உறுமலுக்குள் மூழ்கிப்போயிருந்தது. உள்ளே இருப்பவருக்கு எது எது என்று பிரித்துக் கேட்க வழியே இல்லை.

டாக்டர் எட்டிப் பார்த்தார். கெட்டவர் இல்லை. வெளியே கூட்டம் காத்திருந்தது.

"என்ன பிரச்சினை? ஃபேன்தான? ஒயரைப் பிடுங்கிட்டு டெஸ்ட் எடுங்க. எம்புட்டு நேரம் ஆகப்போகுது?"

"பிடுங்கலாம் சார். கம்ப்யூட்டர் சூடாகிப் பாதியில அணைஞ்சிரும்" என்றேன்.

"அதெல்லாம் அணையாது."

இந்த மாதிரி நேரத்தில் வாதம் செய்யாதீர்கள். மகேஸ்வரியைக் கூண்டுக்குள் உட்காரச் சொன்னேன், நர்ஸை ஒலி அனுப்பச் சொன்னேன், ஒயரைப் பிடுங்கினேன். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். இடது காது முடிவதற்குள் திரை கறுத்துவிட்டது. உள்ளே மகேஸ்வரி எதுவும் தெரியாமல் அடுத்த ஒலிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, "சரி, அப்ப எல்லாருக்கும் காலையிலயே டெஸ்ட் எடுத்திருவோம்" என்றார். நடைமுறைக்கு ஒத்துவரும் யோசனைதான். நானாக இருந்தால் தலையாட்டியிருப்பேன் என்றே நினைக்கிறேன். கூண்டிலிருந்து வெளியே வந்த மகேஸ்வரி ஆட்டவில்லை.

"காலையில மட்டும் உண்மை சொல்ற மெஷினை வச்சு நான் என்ன செய்ய சார்? மத்தியானம் எடுத்தது தப்புன்னா, அதே மத்தியானத்துல சரியா எடுத்துக் காட்டணும். இல்லேன்னா ஸ்கூல்ல எந்தப் பேப்பரை நம்புவாங்க? அதோட, இந்த வெயில்ல மத்தியானம் வந்து போனவங்க எல்லாரையும் நாம திரும்பக் கூப்பிடணும்."

டாக்டரின் முகம் மாறியது. ஆஸ்பத்திரியின் பெயர் என்னாகும் என்று அவர் யோசிப்பது தெரிந்தது. பிறகு என்னிடம், "நாளைக்கு மத்தியானம் அந்த டிரைவர் வாராரு. அதுக்குள்ள முடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது ஃபேனுக்கு வருவோம். கடையில் என்னிடம் பல ஃபேன்கள் இருந்தன. பாதிப் பெட்டிகளில் 'சைலண்ட்' என்று அச்சிட்டிருந்தது. அந்தச் சொல்லை நம்பி வாங்காதீர்கள். எதுவும் தடுக்காத திறந்த வெளியில் ஓடவிட்டு அளந்தது அது. தகரப் பெட்டிக்குள், கம்பித் தடுப்புக்குப் பின்னால் வைத்தால் அதே ஃபேன் வேறு குரலில் பேசும். கடையில் வைத்து ஓட்டிப் பார்த்தும் முடிவு செய்ய முடியாது. லாரியும் பஸ்ஸும் போகிற தெருவில் எல்லா ஃபேனும் அமைதியானதுதான்.

அன்று மாலை கடையில் உட்கார்ந்து யோசித்தபோது, இந்த ஃபேனைத் தேர்ந்தெடுக்கச் சரியான இடம் அந்தக் கூண்டுதான் என்று பட்டது. மறுநாள் காலையில் நல்ல ஃபேன்களை மட்டும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போனேன்.

"நீங்க உள்ள உக்காருங்கம்மா. நான் மேசையில ஒவ்வொண்ணா ஓடவிடுதேன். காதுல விழுந்தா பொத்தானை அழுத்துங்க."

அவர் சிரித்துவிட்டார். "ஃபேனுக்கு நான் காது டெஸ்ட் எடுக்கணுமா?"

"டெஸ்ட் ஃபேனுக்குத்தான். காது மட்டும் உங்களோடது."

சின்ன ஃபேன்கள் முதலிலேயே தோற்றன. சின்ன இறக்கை, தேவையான காற்றைத் தள்ள வேண்டுமென்றால் வேகமாகச் சுழல வேண்டும், வேகமாகச் சுழன்றால் கத்தும். பெரிய ஃபேன் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைக் கொடுத்துவிடும். அதனால் பெரிய ஃபேன்கள்தான் மிஞ்சின. ஒவ்வொன்றையும் நிமிர்த்தியும் படுக்கவைத்தும் ஓட்டினேன். ஒன்று நிமிர்ந்திருக்கும்போது அமைதியாக இருந்தது, படுத்ததும் உள்ளே டிக் டிக்கென்று தட்டியது. அச்சு சரியில்லை. இன்னொன்று ஆரம்பத்தில் நன்றாக ஓடி, சூடானதும் முனக ஆரம்பித்தது. கடைசியில் இரண்டு ஃபேன்கள் மிஞ்சின. ஒன்றை ஓட்டியபோது மகேஸ்வரி பொத்தானை அழுத்தவே இல்லை. மற்றதற்கு, ஒருமுறை தயங்கித் தயங்கி அழுத்தினார்.

"கேக்காதது எதுவோ அதை மாட்டிருங்க அண்ணாச்சி" என்றார் வெளியே வந்து.

கேட்காத ஃபேனைக் கையில் எடுத்து, ஒரு மெல்லிய காகிதத்தை அதன் முன்னால் பிடித்தேன். காகிதம் பறந்தது. ஃபேனுக்கும் காகிதத்துக்கும் நடுவில், கம்ப்யூட்டரின் சூட்டை உறிஞ்சும் அலுமினியத் தகட்டடுக்கு ஒன்றைக் கருவிப் பையிலிருந்து எடுத்து வைத்தேன். காகிதம் தொங்கியது. திறந்த வெளியில் வீசுகிற அந்தக் காற்றுக்கு, தடுப்பைத் தாண்டிப் போகிற தெம்பு இல்லை. மற்ற ஃபேனை அதே மாதிரி வைத்தேன். காகிதம் ஒரு பக்கமாகச் சாய்ந்து அப்படியே நின்றது.

"சத்தம் போடாததுக்காக வேலையும் செய்யாததை மாட்டினா, நேத்து மாதிரி பாதியில அணையும். இதை மாட்டுவோம். இது கத்த வேண்டிய அவசியம் இல்லாம நாம செய்வோம்."

அவர் முகத்தில் சந்தேகம் இருந்தது. மதியத்துக்குள் முடிக்க வேண்டும், தவறினால் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு மனிதர் வேலைக்குப் போக முடியாது.

கம்ப்யூட்டரைத் திறந்தேன். பழைய ஃபேனைக் கழற்றினால் அதன் அடியில் தகட்டடுக்கின் மேல் ஒரு மெத்தையே இருந்தது. கீழ்க்கடையில் பஞ்சு அடிக்கும்போது மேலே மிதந்து வருவதெல்லாம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து, இழுக்கும் காற்றோடு போய்ப் படிந்து, துணிபோல் இறுகிக் கிடந்தது. இரண்டு விரலால் பிடித்து இழுத்ததும் ஒரே துண்டாக வந்தது. பழைய ஃபேன் கத்தியது அதன் குற்றமில்லை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடச் சொன்னால் எந்த ஃபேனும் அப்படித்தான் ஓடும்.

மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரிந்த வேலை. சுத்தம் செய்து, சூட்டைக் கடத்தும் பசையைப் புதிதாகத் தடவி, ஃபேனை இரும்புத் திருகுக்குப் பதில் ரப்பர் ஆணியில் உட்கார வைத்தேன். காற்று வெளியேறும் இடத்தில் இருந்த தகரச் சல்லடையை வெட்டி எடுத்துவிட்டு வளையக் கம்பித் தடுப்பு போட்டேன். சல்லடையில் மோதித்தான் காற்று விசிலடித்துக்கொண்டிருந்தது. ஃபேன் திடீரென்று வேகம் ஏறி இறங்காமல், ஒரே நிதானத்தில் ஓடும்படி வைத்தேன். காது ஒரே சீரான ஒலியைச் சீக்கிரம் மறந்துவிடும், ஏறி இறங்கும் ஒலியை மறக்காது. கடைசியாக நானும் மகேஸ்வரியும் மேசையை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கூண்டிலிருந்து தள்ளி வைத்தோம். அதற்கு ஒரு பொருளும் வாங்க வேண்டியதில்லை. ஆனால் அன்று செய்ததிலேயே அதிகப் பலன் கொடுத்தது அதுதான் என்று இப்போதும் நம்புகிறேன்.

மதியம் வந்தது. ஏ.சி.யை அணைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தினோம். அறை அடுப்பாகட்டும் என்று வேண்டுமென்றே காத்திருந்தோம். சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. திரையில் சூட்டின் எண் ஏறி, ஒரு இடத்தில் நின்றது. அதற்கு மேல் நகரவில்லை. மகேஸ்வரி கூண்டுக்குள் போனார். நர்ஸ் ஒலிகளை அனுப்ப அனுப்ப, உள்ளே அவர் கட்டைவிரல் தயங்காமல் அழுத்திக்கொண்டே இருந்தது. கனமான ஒலிகள் எல்லாம் காலையில் கேட்டது போலவே கேட்டன. வெளியே வந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "அவரைக் கூப்பிடுங்க அக்கா" என்றார்.

சாகுல் பாய் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உட்காரும் முன் என்னைப் பார்த்து, "நீங்கதான் மெஷினைச் சரி பாக்க வந்தவியளா? மெஷின்லதான் கோளாறுன்னு மேடம் ஃபோன்ல சொன்னாவ" என்றார். குரலில் அத்தனை நம்பிக்கை. நான் கூண்டுக் கதவைத் திறந்துவிட்டேன்.

சோதனை தொடங்கியது. கனமான ஒலிகள் இரண்டு காதிலும் நன்றாகக் கேட்டன. முந்தைய முடிவு தவறு என்பது எங்கள் கண் முன்னால் தெரிந்தது. நர்ஸ் என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். மகேஸ்வரி சிரிக்கவில்லை. அவர் கூர்மையான ஒலிகளை நோக்கி அடுத்தடுத்து மேலே போய்க்கொண்டிருந்தார். இடது காது கடைசி வரை பரவாயில்லை. வலது காதில், கீச்சென்ற ஒலிகளுக்கு வந்ததும் சாகுல் பாயின் கட்டைவிரல் அசையவில்லை. மகேஸ்வரி ஒலியைக் கூட்டினார். அசையவில்லை. இன்னும் கூட்டினார். நெடுநேரம் கழித்துத்தான் சாகுல் பாய் அழுத்தினார்.

பல வருடம் ஜன்னலோரத்தில் எதிர்க்காற்றும் ஹாரனும் வாங்கிய காது அது.

மகேஸ்வரி அவரை வெளியே வரச் சொன்னார். சாகுல் பாய் எங்கள் முகங்களை மாறிமாறிப் பார்த்தார்.

"பாய், போன தடவை வந்தது தப்பு. அது எங்க மெஷின் சத்தம். கனமான சத்தமெல்லாம் உங்களுக்கு நல்லாக் கேக்குது" என்று மகேஸ்வரி ஆரம்பித்தார். "ஆனா வலது காதுல கீச்சுன்னு வார சத்தம் குறைவாத்தான் கேக்குது. பொம்பளையாளு கத்துறது, பிள்ளைங்க கூப்பிடறது, வலது பக்கம் பின்னாடியிருந்து வந்தா தெளிவா விழாது."

கதவருகே வந்து நின்ற டாக்டர், "முன்ன வந்ததைவிட எம்புட்டோ நல்லா இருக்கு. வண்டி ஓட்டலாம்னு எழுதிருவோம்மா. ஒரு காதுல கொஞ்சம் குறைச்சல், அவ்வளவுதான" என்றார். பாவம், அவரும் நல்லது செய்யத்தான் நினைத்தார்.

"கேக்கிறவரைக் கேக்கலன்னு எழுதக் கூடாதுன்னுதான சார் இம்புட்டும் செஞ்சோம். கேக்காததைக் கேக்குதுன்னு மட்டும் எழுதலாமா?" என்றார் மகேஸ்வரி. குரலை உயர்த்தவில்லை.

சாகுல் பாய் கையைத் தூக்கி இருவரையும் நிறுத்தினார். "இன்னொரு தடவை போடுங்க மேடம். அந்தக் காதுக்கு மட்டும். நான் ஒழுங்காக் கேட்டுப் பாக்கேன்."

மீண்டும் உள்ளே போய் உட்கார்ந்தார். கண்ணை இறுக மூடிக்கொண்டார். அறையில் யாரும் அசையவில்லை. ஃபேன் ஓடுகிறதா என்று நான் குனிந்து பார்த்தேன், ஓடிக்கொண்டுதான் இருந்தது. மகேஸ்வரி ஒலியை அனுப்பினார். கண்ணாடி வழியாக அந்தக் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தோம். அது பொத்தானின் மேல் அப்படியே கிடந்தது.

வெளியே வந்து ஹெட்ஃபோனை மெதுவாக மேசையில் வைத்தார்.

"இப்ப சத்தம் அனுப்பினீங்கதான?"

"அனுப்பினேன் பாய்."

"சரி. அப்படியே எழுதுங்க." சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "வீட்ல அவ சொல்லிட்டேதான் இருப்பா, ஃபோனை எப்பவும் இடது காதுலயே வைக்கீங்களேன்னு. பழக்கம்னு நினைச்சேன்."

உள்ளதை உள்ளபடி எழுதினார்கள். ஓட்டலாம், வலது காதுக்குக் கருவி மாட்ட வேண்டும், பின்னுக்கு எடுக்கும்போது ஒருவர் இறங்கி நின்று வழி சொல்ல வேண்டும். டாக்டர் கையெழுத்துப் போடும்முன் அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு அவரே பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் போட்டு, முதல் முடிவு தங்கள் அறையின் தவறால் வந்தது என்று சொன்னார். அதைச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்திருக்காது. மதியத்தில் வந்து போனவர்களை மகேஸ்வரி ஒவ்வொருவராகத் திரும்ப வரவழைத்தார். சிலருக்கு முடிவு மாறியது, சிலருக்கு மாறவில்லை. டாக்டர் மறுப்பு சொல்லவில்லை.

உங்களில் சிலர் கேட்பீர்கள், ஒரு ஃபேன் மாற்ற இவ்வளவு யோசிக்க வேண்டுமா என்று. பெரும்பாலான நாட்களில் வேண்டாம். ஆனால் வாடிக்கையாளர் அவசரப்படும்போது, கேட்டதைக் கொடுத்துவிட்டுப் போவது நமக்கு மிகச் சுலபம். ஒயரைப் பிடுங்குவதும் சத்தத்தைக் குறைக்கும், தெம்பில்லாத ஃபேனும் சத்தத்தைக் குறைக்கும். இரண்டையும் மறுத்துவிட்டு, சூடு எங்கே தங்குகிறது, அதிர்வு எதன் வழியாகப் போகிறது என்று தேடுவதற்குப் பிடிவாதம் வேண்டும். அந்தப் பிடிவாதத்தை அன்று நான் மகேஸ்வரியிடம் பார்த்தேன். நல்ல செய்தி வந்த இடத்திலேயே அவர் நிறுத்தியிருந்தால் எல்லோரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போயிருப்போம்.

பள்ளிக்கூடம் திறந்து கொஞ்ச நாள் கழித்து, சோழபுரத்தில் ஒரு வேலையை முடித்துவிட்டுத் திரும்பும்போது அந்த வேனைப் பார்த்தேன். ஒரு வீட்டின் முன் பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்புவதற்காகப் பின்னுக்கு வந்துகொண்டிருந்தது. ஆயா ஒருத்தர் இறங்கி வேனின் பின்னால் நின்று, வா வா என்று கையசைத்தபடி இருந்தார். பக்கத்து வாசலிலிருந்து ஒரு சின்னப் பெண் பந்தை விரட்டிக்கொண்டு தெருவுக்குள் ஓடி வந்தாள். ஆயா கத்தவில்லை. உள்ளங்கையால் வேனின் தகரத்தில் தொம்மென்று ஓங்கித் தட்டினார். வேன் அந்த இடத்திலேயே நின்றது. சாகுல் பாய் ஜன்னல் வழியாகத் தலையை வெளியே நீட்டி, பந்தை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்குள் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.